கீழே பார்த்த அம்புக்குறி

என் கணவரின் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்பது அவருக்குத் தெரிய முன்னமே எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. மற்றப் பெண்களின் கைத்தொலைபேசியில் கலியாணப் படமும் சமையல் குறிப்பும் வரும். என்னுடையதில் ஒரு இலக்கமும் அதன் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் வரும். அம்பு நேராகப் படுத்துக் கிடந்தால் நான் சமைப்பேன், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன், அயலட்டையோடு வாய் காட்டுவேன். அது கீழே பார்க்கத் தொடங்கினால் எனக்குக் கை கால் ஓடாது.

அவர் கடற்றொழில் செய்பவர். உப்புவெளிக் கரையிலிருந்து தன் தம்பியோடு ஒரு பைபர் படகில் போய் வருகிறார். நான் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானில் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். கலியாணம் முடித்து இந்தக் கரைக்கு வந்தேன். எங்கள் ஒழுங்கை முடிவிலுள்ள முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். நீரிழிவு அவருக்கு வந்து கனகாலம். முதலில் குளிசை, பிறகு இன்சுலின். காலையும் பின்னேரமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிடாவிட்டால் சீனி இறங்கிவிடும்.

முன்பெல்லாம் சீனி இறங்கினால் அவருக்கே தெரியும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், பசி குடலைப் பிடுங்கும். இரண்டு டொபியை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். வருசங்கள் போகப்போக அந்த நடுக்கமும் வேர்வையும் வராமல் நின்றுவிட்டன. சீனி இறங்குவது மட்டும் நிற்கவில்லை. கிளினிக்கில் இருந்த டொக்டர், நீண்ட காலம் இன்சுலின் போடுகிற சிலருக்கு இப்படி வரும், உடம்பு மணி அடிக்க மறந்துவிடும் என்று விளங்கப்படுத்தினார். விளங்கியது. ஆனால் அது எப்படி இருக்கும் என்று ஒரு நாள் கண்ணால் கண்டபோதுதான் பயந்தேன். கரையில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், யாரோ ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே பக்கத்தில் சரிந்தார். கரையில் நடந்தபடியால் தப்பினார். கடலில் நடந்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்க்காத நாளில்லை.

அதற்குப் பிறகு அவருடைய தம்பி ஒரே கதையாகச் சொல்லிவிட்டார், இனி அண்ணையைப் படகில் ஏற்ற மாட்டேன் என்று. இவர் இரண்டு கிழமை வீட்டில் இருந்தார். அந்த இரண்டு கிழமையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். குசினிக்குள் வந்து தேங்காய் துருவுகிற விதத்துக்குக் குறை சொன்னார். வேலியில் நட்ட கதியால்களை எண்ணினார். கதிரையைக் கொண்டுபோய்க் கடல் தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். அப்படி அவர் பேசாமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடலுக்குப் போனால் செத்துப்போவார் என்று பயம், போகாவிட்டால் இப்படியே இருந்து செத்துப்போவார் என்றும் பயம்.

வெளிநாட்டில் இருக்கும் என் அக்காதான் இந்தச் சென்சரை அனுப்பத் தொடங்கினாள். ஊருக்கு வருகிற யாரிடமாவது இரண்டு மூன்று பெட்டியாகக் கொடுத்துவிடுவாள், கூடவே நிறையப் புத்திமதியும். குற்றிக்காசு அளவில் வெள்ளையாக ஒரு வட்டம். மேற்கையின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினால் உள்ளே மயிர்போல ஒரு நூல் இறங்கும். அது தோலுக்குக் கீழே உள்ள சீனியை ஓயாமல் அளந்து அவருடைய போனுக்குச் சொல்லும். அவருடைய போன் எனக்குச் சொல்லும். உப்புத்தண்ணீரில் கழன்று போகாமல் நான் மேலே பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டிவிடுவேன். போனைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்து, விழாமல் பையின் வாயைச் சட்டை ஊசியால் குத்திவிடுவேன்.

கரையில் கேலிக்குக் குறைவில்லை. அண்ணையை மனுசி வீட்டிலிருந்தே ரிமோட்டில் இயக்குகிறாள் என்றார்கள். இவருக்கு வெட்கம். சென்சருக்கு முன்னம் வெறும் மேலோடு நின்ற மனுசன் முழங்கை வரை மறைக்கிற சட்டை தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள், கரையோர விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் குளிக்கிற உடுப்போடு எங்கள் படகுக்குப் பக்கத்தால் நடந்து போனாள். அவள் கையிலும் அதே வட்டம். மறைக்கவுமில்லை, ஒட்டவுமில்லை. இவர் தன் சட்டைக் கையை மடித்து அவளுக்குக் காட்டினார். அவள் தன் கையைக் காட்டிச் சிரித்தாள். மொழி தெரியாத இரண்டு பேர் கையைக் கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு சட்டை போய்விட்டது, பழையபடி வெறும் மேல். போனை வைக்க இடுப்பில் ஒரு பை தைத்துக் கொடுத்தேன்.

சென்சர் வந்ததோடு தம்பியும் பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்திருந்தார். சென்சர் கையில் இருக்க வேண்டும், டொபிப் போத்தல் படகில் இருக்க வேண்டும், சாப்பிடாமல் ஏறக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால்தான் அண்ணை கடலுக்கு வரலாம். ஒன்று பிசகினாலும் அதோடு முடிந்தது என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இந்த இடத்தில் எங்கள் கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போகிறவனை முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கவும் கூடாது. போனவன் திரும்பி வரவும் கூடாது. வயலுக்குப் போகிறவர்களை நாங்கள் கூப்பிட்டுத்தான் வளர்ந்தோம். மண்வெட்டியை மறந்தாலும் கூப்பிடுவோம், சும்மாவும் கூப்பிடுவோம். இங்கே வந்த முதல் கிழமையே மாமியார் எனக்கு இதைச் சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் புதிதில் ஒரு தரம், கத்தியை விட்டுவிட்டுப் போகிறாரே என்று வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். முகம் கறுத்திருந்தது. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டதேயில்லை. எனக்கு இதிலெல்லாம் ஒரு மண்ணும் நம்பிக்கை இல்லை. ஆனால் தண்ணீரில் உயிரை வைத்துப் பிழைக்கிற மனுசனுக்கு அது ஒரு தைரியம் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பதில் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

பழைய எஞ்சின் அடிக்கடி நின்று உயிரை வாங்கியதால் அண்ணனும் தம்பியுமாகப் புதிது ஒன்று எடுத்தார்கள். அது முதன்முதலில் கடலுக்குப் போகிற நாளில்தான் இது நடந்தது. சித்திரை கழிந்து கடல் கண்ணாடியாகக் கிடந்த காலம். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்றபடியால் நானும் வீட்டில். காலையில் அவர் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து சாப்பிட இருந்தார். பிட்டைக் கோப்பையில் போட்டு, வாழைப்பழத்தை உரித்து வைத்தேன். தம்பி வாசலில் வந்து நின்றார். பூசைக்கு வந்தவர் அவசரப்படுத்துகிறார், நல்ல நேரம் முடியப் போகிறது, பத்து நிமிச வேலைதான் என்றார். இவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். பூசை முடிந்த கையோடு வந்து சாப்பிடுகிறேன் என்றார். நானும் சரி என்றேன். வீட்டிலிருந்து கரைக்கு ஒரு கூப்பிடு தூரம்தானே.

பத்து நிமிசப் பூசை எந்தக் காலத்தில் பத்து நிமிசத்தில் முடிந்தது? எஞ்சினுக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, தேசிக்காய் வெட்டி, தேங்காய் உடைத்து, ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்லி, அது நீண்டுகொண்டே போனது. நான் கோப்பையை மூடிவிட்டு போனைப் பார்த்தேன். 124, அம்பு நேரே. இன்னொரு தரம் பார்த்தபோது 112, அம்பு சரிந்திருந்தது. பிட்டையும் பழத்தையும் வாழையிலையில் சுற்றிப் பார்சலாகக் கட்டிக்கொண்டு கரைக்கு வெளிக்கிட்டேன். பூசைப் பழத்தில் ஒன்றையாவது தின்றிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு நடந்தேன். கரைக்கு வந்து பார்த்தால் பழங்களைப் பிள்ளைகள் முடித்துவிட்டுத் தோலை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் யாரோ கையைக் காட்டினார்கள். கோணேசர் மலைப் பக்கம் கடற்பறவைகள் கூட்டமாக இறங்கி ஏறின. கீழே மீன் நிற்கிறது என்று அர்த்தம். நின்ற படகுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் இழுபட்டன. எங்கள் படகும் இழுபட்டது. மீன் அவசரத்தில் தம்பி தான் போட்ட நிபந்தனைகளையே மறந்துவிட்டார். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவருக்கும் இடையில் அதிக தூரமில்லை. இஞ்சேருங்கோ என்று ஒரு சத்தம் வைத்திருந்தால் கேட்டிருக்கும். வாய்வரை வந்ததை விழுங்கினேன். புது எஞ்சின், முதல் நாள், பூசை முடிந்து சந்தனம்கூடக் காயவில்லை, கரை முழுக்கச் சனம். கூப்பிடாமல் அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் போதும் என்று நினைத்தேன். பக்கத்தால் சுற்றி, சீலையோடு தண்ணீருக்குள் இறங்கி, பார்சலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தண்ணீரில் யாரால் ஓட ஏலும்? சீலை காலைச் சுற்றியது. ஒரு அலை மார்பில் அடித்தது. நான் படகின் முன்பக்கத்துக்குச் சரியாக வந்தபோது அவர் பின்பக்கத்தால் ஏறி எஞ்சினைத் தட்டிவிட்டார். அது ஒரே இழுவையில் பிடித்துக்கொண்டது. பழசு என்றால் நாலு தரம் இருமியிருக்கும். படகு என்னைக் கடந்து போனது. நான் பார்சலை உயர்த்திப் பிடித்தபடி நின்றேன்.

கரைக்குத் திரும்பினால், மணலில் பழைய சாக்கின்மேல் படகிலிருந்து எடுத்து வைத்த சாமான்கள் கிடந்தன. பூசைக்காகப் படகைக் கழுவித் துடைத்தபோது எல்லாவற்றையும் இறக்கியிருக்கிறார்கள். பழைய கயிறு, தண்ணீர் அள்ளுகிற கோப்பை, துணிகள். அவற்றின் நடுவில் டொபிப் போத்தல். நிறைய டொபி.  ஊசி போட்ட மனுசன், வெறும் வயிறு, படகில் ஒரு துளி இனிப்பு இல்லை.

போனில் 94. அம்பு நேராகக் கீழே.

அவருடைய போனுக்கு எடுத்தேன். அடித்து அடித்து நின்றது. அந்த எஞ்சின் சத்தத்தில் இடுப்புப் பைக்குள் இருக்கிற போன் எங்கே கேட்கப் போகிறது? தம்பியின் போனுக்கு எடுத்தேன். அவருடைய மனைவி எடுத்து, போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது அண்ணி என்றாள். 83. இந்தச் சாமான் சொல்வதும் சுடச்சுட உள்ள கணக்கில்லை. சீனி வேகமாக இறங்கும்போது அது கொஞ்சம் பின்தங்கித்தான் சொல்லும். இங்கே 83 என்றால் அங்கே இன்னும் குறைவு. 71. பிறகு போன் கத்தத் தொடங்கியது. முன்பள்ளியில் இது கத்தினால் பிள்ளைகள் தாங்களும் சேர்ந்து கத்துவார்கள், நான் சிரிப்பேன். அன்று கரையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். 62. அதற்குப் பிறகு இலக்கம் வரவில்லை. இரண்டு சிறிய கோடுகள் மட்டும் நின்றன.

மலைக்கு அப்பால் போனால் தொடர்பு வரும் போகும் என்று எனக்குத் தெரியும். இதற்கு முன்னமும் அந்தக் கோடுகளை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அவர் என் கையை விட்டுப் போகிற இடம் அதுதான். மற்ற நாட்களில் வயிறு நிறைய அனுப்பிவிட்டு அந்தக் கோடுகளைப் பார்ப்பேன். அன்றைக்கு 62இல் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொழில் படகுகள் எல்லாம் போய்விட்டன. கரையில் மிஞ்சியது ஒன்றுதான். சுற்றுலாக்காரரை டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகிற படகு. அதன் சொந்தக்காரரோடு எங்கள் வீட்டுக்குக் கதை பேச்சில்லை. அவருடைய படகின் எஞ்சின் விசிறி எங்கள் வலையை வெட்டி, இவர் அவரைக் கரையில் வைத்து வாய்க்கு வந்தபடி பேசி, அதோடு இரண்டு பகுதியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது. படகில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி செம்மஞ்சள் மிதவைச் சட்டையோடு ஏறி இருந்தார்கள். நான் நனைந்த சீலையோடு அவருக்கு முன்னால் போய் நின்றேன். என் மனுசனுக்குச் சீனி இறங்குது, படகில் இனிப்பில்லை, மலைப் பக்கம் போயிருக்கிறார் என்றேன். கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஏறுங்கோ அக்கா. அந்தச் சட்டை ஒண்டையும் போடுங்கோ."

கலியாணத்துக்கு முன் மூதூரிலிருந்து சனம் ஏற்றி வருகிற லாஞ்சில் குடாவைக் கடந்திருக்கிறேன், அவ்வளவுதான். கடற்றொழிலாளி பெண்சாதியாக இத்தனை வருசம் இருந்தும் கடலுக்குப் போனதில்லை. எங்கள் தொழில் படகில் பெண்கள் கால் வைப்பதில்லை. படகு அலையில் எழும்பி விழுந்தபோது ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையில் போன். டொபிப் போத்தலையும் பார்சலையும் மடியில் அமுக்கி வைத்திருந்தேன். கோடுகள் மாறவில்லை. மலையைச் சுற்றித் திரும்பும்போது மேலே கோயில் மணி கேட்டது. கும்பிடவும் தோன்றவில்லை. வெள்ளைக்காரர் இரண்டு பேரும் மலையைப் படமெடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்?

அப்பால் ஏழெட்டுப் படகுகள் பரந்து நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த படகுக்காரர் வேகத்தைக் குறைத்தார். அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். மாலை போட்ட எஞ்சின். இவர் பின்பக்கத்தில் நிமிர்ந்து நின்று அதன் பிடியைப் பிடித்திருந்தார். கீழே விழவில்லை, சரியவுமில்லை. எனக்கு மூச்சு வந்தது. படகு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சூடை மீன் கூட்டத்தைக் கண்டால் அப்படித்தான் வளைப்பார்கள், படகு சுற்ற முன்னுக்கு நிற்பவர் வலையை விட்டுக்கொண்டே போவார் என்று இவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். தம்பி முன்னுக்கு வலையைத் தூக்கிப் பிடித்தபடி, அண்ணன் சொல்லட்டும் என்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இடத்தில் பறவைகள் இல்லை. அவை எழுந்து வேறு பக்கம் போய்விட்டன. இவர் ஒன்றுமில்லாத தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருந்தார். படகு இரண்டாவது தரமும் அதே வட்டத்தில் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். என்னைத் தெரியவில்லை. எத்தனையோ மாதம் அந்தப் போனைப் பார்த்துப் பார்த்து இருந்தவளுக்கு அன்று இலக்கமும் இல்லை, அம்பும் இல்லை. அந்த முகம் மட்டும்தான் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் தம்பி திரும்பினார். ஒரு கணத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. வலையைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து போய் எஞ்சினை நிறுத்தப் பார்த்தார். இவர் பிடியை விடவில்லை. சீனி இறங்கிய உடம்பில் அப்படி ஒரு பலம் எங்கிருந்து வருகிறதோ தெரியாது. கெட்ட வார்த்தை சொல்லித் தள்ளினார். என் வாழ்நாளில் அவர் தம்பிமேல் கைநீட்டி நான் பார்த்ததில்லை. ஒருமாதிரி எஞ்சின் நின்றது. படகுக்காரர் எங்கள் படகின் விளிம்பைப் பிடித்துச் சேர்த்தார். நான் எங்கள் தொழில் படகுக்குள் காலை வைத்தேன். யாரும் தடுக்கவில்லை.

டொபியை நீட்டினேன். வாயை இறுக்கிக்கொண்டார். படகுக்காரர் தன் ஐஸ் பெட்டியிலிருந்து தோடம்பழ இனிப்புச் சோடா ஒன்றை உடைத்து என் கையில் தந்தார். அதை வாயருகில் கொண்டுபோனதும் இவர் தலையைத் திருப்பினார்.

"எனக்குச் சீனி வருத்தம். சோடா குடிக்க ஏலாது. மனுசி பேசுவா."

யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே என்னிடம் சொன்னார். வருசக்கணக்காகச் சோடாப் போத்தலைக் கண்ட இடமெல்லாம் நான் பிடுங்கி வைத்ததன் பலன்.  நான்தான் மனுசி, நான்தான் சொல்கிறேன், குடியுங்கோ என்றேன். மனுசி வீட்டில் இருக்கிறா என்றார். தம்பி பின்னால் நின்று அணைத்துப் பிடிக்க, ஒரு வாய் உள்ளே போனது. அடுத்த வாயைத் துப்பினார், என் முகத்தில். மூன்றாவதை விழுங்கினார். நான்காவதை அவராகவே இழுத்துக் குடித்தார். போத்தல் முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் அவரைச் சுற்றி இருந்து அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.  படகுகள் இரண்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன.

கண்ணில் மெல்லத் தெளிவு வந்தது. அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார், பிறகு என் நனைந்த சீலையைப் பார்த்தார், பிறகு என்னை. நீ ஏன் இஞ்ச என்று கேட்டார்.  வாயைத் திறந்தால் அடித்துவிடுவேன் போலிருந்தது. பார்சலை அவிழ்த்து அவர் மடியில் வைத்தேன்.

தம்பி நன்றிக்குப் படகுக்காரரின் கையைப் பிடித்தார். படகுக்காரர் தன் சுற்றுலாக்காரரோடு டொல்பின் தேடிப் போனார். நாங்கள் மூவரும் எங்கள் படகில் கரைக்குத் திரும்பினோம், தம்பிதான் ஓட்டினார். மலையைத் தாண்டியதும் இடையில் வராமல் இருந்த இலக்கங்கள் எல்லாம் ஒன்றாக என் போனுக்குள் வந்து விழுந்தன. வரைபடத்தின் கோடு நேரே இறங்கி, அடியில் தட்டி, அங்கேயே கிடந்து, பிறகுதான் ஏறியிருந்தது. அடியில் கிடந்த அந்தத் துண்டை விரலால் தடவிப் பார்த்தேன். 

கரையில் இறங்கியதும் தம்பி எஞ்சினிலிருந்த மாலையைக் கழற்றினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சென்சர் இருந்தும் இப்பிடியெண்டால் நான் என்ன செய்யிறது அண்ணி? ஆளைப் பக்கத்தில வைச்சுக்கொண்டே எனக்குத் தெரியேல்லையே."

  இவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

பின்னேரமானது. அவர் குளித்து, சோறு தின்று, கதிரையில் இருந்தார். கதிரை கடலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்திருந்தது. போனில் 138, அம்பு நேரே. ஒரு குறையும் சொல்ல முடியாத இலக்கம். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குக் கோபம் ஏறியது. ஊசி போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போவது என்னவென்று தெரியாத ஆளா இவர்? இனி நாளைக்கு யார் இவரைப் படகில் ஏற்றுவார்கள்? போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"நான் தண்ணிக்குள்ள பார்சலோட நிண்டதைக் கண்டனீங்களோ?"

"ஓம். கண்டனான்."

இல்லை என்று சொல்வார் என்று நினைத்திருந்தேன். காணவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கண்டும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். உங்கள் வழக்கமும் நீங்களும், புது எஞ்சின் திரும்பக் கூடாதென்றால் ஆள் சாகலாமோ என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். குரல் ஒழுங்கை முடிவுவரை கேட்டிருக்கும். அவர் என் வாயையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானோ? நான் எங்க அதையெல்லாம் நம்பினனான்?"

அவர் ஆறுதலாகச் சொன்னார். கலியாணம் முடித்த புதிதில் ஒரு நாள் நீ கத்திக்காகக் கூப்பிட்டாய். அன்றைக்கு எஞ்சின் பழுதாகி, இருட்டித்தான் கரைக்கு வந்தேன். நீ கரையில் நின்று, நான் கூப்பிட்டதால்தான் இப்படி ஆனது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாய். அதற்குப் பிறகு கடலுக்கு இறங்கினால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால், சகுனம் பிழைத்துவிட்டதென்று நான் வரும்வரை நீ செத்துச் செத்துப் பிழைப்பாய் என்று தெரியும். இன்றைக்கும் நீ கையைத் தூக்கிக்கொண்டு சத்தம் போடாமல் நின்றாய். கூப்பிடப் பயந்து நிற்கிறாள், திரும்பினால் இன்னும் பயப்படுவாள், ஒரு வளைப்புப் போட்டுவிட்டுக் கெதியாக வந்துவிடலாம் என்று போய்விட்டேன்.

அழுதது உண்மைதான். இருட்டியும் ஆள் வராவிட்டால் எந்தப் பெண்சாதி அழமாட்டாள்? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித்தான் அழுதிருப்பேன். அந்த ஒரு அழுகையை அவர் இத்தனை வருசம் காத்து வந்திருக்கிறார். கறுத்துப்போன அந்த ஒரு முகத்தை நானும் காத்து வந்திருக்கிறேன். நம்பாத இரண்டு பேர் சேர்ந்து ஒரு உயிரைக் கடலில் விடப் பார்த்தோம் என்று நினைக்க எனக்கு உடம்பு கூசியது.

"நீ கூப்பிட்டிருந்தால் நான் திரும்பியிருப்பன்" என்றார்.

நான் குசினிக்குள் போய்விட்டேன். அவர் காண இன்னொரு தரம் அழ எனக்குப் பயமாக இருந்தது.